திரைக்குப் பின்னால் பாடியவர்

டெட்ராய்டில் வெஸ்ட் கிராண்ட் பூல்வர்ட் சாலையில் 2648ஆம் எண் வீட்டைப் பார்த்தால் யாரோ குடியிருக்கும் வீடு போலத்தான் இருக்கும். முகப்பில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று நீல எழுத்துகள். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கிய மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் வளர்ந்தது இங்கேதான். இப்போது அருங்காட்சியகம்.

நான் போனது மோடவுனில் பாடிய டெம்ப்டேஷன்ஸ் என்ற ஐவர் பாடகர் குழுவுக்காக. அப்பாவின் கேசட்டில் அவர்களின் 'மை கேர்ள்' பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஐந்து பேரும் கடைசிவரை ஒன்றாகவே பாடினார்கள் என்று பல வருடம் நினைத்திருந்தேன்.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமிலிருந்து வந்த எடி கெண்ட்ரிக்ஸ், பால் வில்லியம்ஸ் இருவரும் 'பிரைம்ஸ்' என்ற குழுவில் பாடினார்கள். ஓட்டிஸ் வில்லியம்ஸ், மெல்வின் ஃபிராங்க்ளின், அல் பிரையன்ட் மூவரும் 'டிஸ்டன்ட்ஸ்'. 1961இல் இந்த ஐவரும் சேர்ந்து டெம்ப்டேஷன்ஸ் ஆனார்கள். பிரையன்ட் போன பிறகு 1964இன் தொடக்கத்தில் டேவிட் ரஃபின் வந்தார். அந்த வருடக் கடைசியில் வெளியான 'மை கேர்ள்'தான் அவர் முன்னின்று பாடிய முதல் பெரிய வெற்றி. அடுத்த மார்ச்சில் அது அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது.

1968இல் ரஃபினைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் டென்னிஸ் எட்வர்ட்ஸ். ரஃபின் சும்மா இருக்கவில்லை. கச்சேரிகளுக்கு வந்து, திடீரென்று மேடையேறி, எட்வர்ட்ஸிடமிருந்து மைக்கைப் பிடுங்கிப் பாடியிருக்கிறார். எட்வர்ட்ஸின் கரகரத்த குரலோடு வந்த 'கிளவுட் நைன்' மோடவுனுக்கு முதல் கிராமி விருதைக் கொடுத்தது.

என் மனம் அதிகம் நின்றது ரிச்சர்ட் ஸ்ட்ரீட்டிடம். பழைய டிஸ்டன்ட்ஸில் முன்னணிப் பாடகர் அவர். ஆனால் டெம்ப்டேஷன்ஸ் உருவானபோது அதில் இல்லை. பிற்பாடு பால் வில்லியம்ஸ் உடல்நலம் குன்றி, குடியும் சேர்ந்து, பாட முடியாமல் போனார். அப்போது பால் மேடையில் ஆடுவார். திரைக்குப் பின்னாலிருந்து ஸ்ட்ரீட் அவருடைய பகுதியைப் பாடுவார். கூட்டத்துக்கு அவர் முகம் தெரியாது. ஆடிக்கொண்டிருந்த பாலுக்கும் அது எத்தனை வலியாக இருந்திருக்கும்! 1971இல் பால் விலக, ஸ்ட்ரீட் முறைப்படி குழுவில் சேர்ந்தார். பத்து வருடம் கழித்துக் கிடைத்த இடம். அதே வருடம் கெண்ட்ரிக்ஸும் தனியாகப் பாடப் போய்விட, அந்த மெல்லிய உச்சக்குரலை டேமன் ஹாரிஸ் ஏற்றார். 1973இல் பால் இறந்தபோது வயது 34தான்.

அப்புறமும் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். தொடக்கத்திலிருந்து விலகாமல் இருந்தவர் ஓட்டிஸ் வில்லியம்ஸ். மெல்வினும் 1995இல் இறக்கும்வரை அந்த அடிக்குரலை விடவில்லை.

கடைசியாக ஸ்டுடியோ ஏ. சில படிகள் இறங்கினால் சின்ன அறை. ஒரு காலத்தில் இரவும் பகலும் ஒலிப்பதிவு நடந்த இடம். வழிகாட்டி எங்களை வரிசையாக நிறுத்தி, 'மை கேர்ள்' பாடச் சொன்னார். முன்பின் தெரியாத பதினைந்து பேர். யாரோ ஒரு பெரியவர் சட்டென்று மெல்வினின் அடிக்குரலை எடுத்துக்கொண்டார். நான் பின்வரிசையில் நின்று, ஸ்ட்ரீட்டை நினைத்துக்கொண்டு, துணைக்குரலில் சேர்ந்தேன்.