பக்கத்துப் பக்கத்து எரிமலைகள்: அடியில் ஒரே மாக்மாவா?

டெல்டாவில் ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வடக்கு வயலில் மோட்டார் ஓடும்போது தெற்கு வயல் அடிபம்பில் தண்ணீர் இறங்கினால், இரண்டுக்கும் ஒரே மணல் ஊற்று. இறங்காவிட்டால் நடுவில் களிமண் படுத்திருக்கிறது. அருகருகே நிற்கும் எரிமலைகளுக்கும் இதே கேள்விதான். 1912 ஜூனில் அலாஸ்காவில் வெடித்தது நோவாருப்டா. உச்சி உள்வாங்கியதோ 10 கிலோமீட்டர் தள்ளியிருந்த கட்மாய்! மாக்மா என்னும் உருகிய பாறைக்குள் குழாய் இறக்கிப் பார்க்க வழியில்லை. தரை உப்புவதையும் அமுங்குவதையும் அளந்துதான் கீழே இருப்பதைச் சொல்லவேண்டும்.

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. 12 நாள் இடைவெளியில் ஒரே இடத்தை எடுத்த இரண்டு படங்களின் அலைக்கட்டத்தை (திரும்பி வந்த அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) கழித்தால் வண்ண வளையங்கள் வரும். அலை போய்த் திரும்புவதால் ஒரு வளையம் 2.8 செ.மீ. நகர்வு. இது செங்குத்து அளவு அல்ல, ரேடார் பார்க்கும் சாய்வில் உள்ள அளவு. அதனால் வடக்கே ஏறும் பாதை, தெற்கே இறங்கும் பாதை இரண்டிலும் படம் வேண்டும். வடக்கு-தெற்கு நகர்வு அப்போதும் சரியாகப் பிடிபடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஜிஆர்டி வகைப் படத்தை இறக்கிவிட்டு முழிப்பார்கள். அதில் அலைக்கட்டமே கிடையாது. அலைக்கட்டத்தோடு வரும் எஸ்எல்சி வகைதான் வேண்டும். இலவச ஸ்னாப் மென்பொருளில் சுற்றுப்பாதைத் திருத்தம், இரு படங்களைப் பொருத்துதல், நில உயரத்தின் பங்கைக் கழித்தல், இரைச்சலைக் குறைக்கும் கோல்ட்ஸ்டீன் வடிகட்டி, பிறகு ஸ்னாஃபு என்னும் நிரலில் வளையங்களை விரித்தல், அதாவது தொடர்ச்சியான நகர்வு அளவாக மாற்றுதல். ஒத்திசைவு (இரு படங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் அளவு) 0.3க்குக் கீழே உள்ள இடங்களை விரிப்பதற்கு முன்பே மறைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு வளையம் தப்பி, இல்லாத 2.8 செ.மீ. படி ஒன்று முளைக்கும்.

ஒத்திசைவு என்றால் என்ன என்று பார்க்க எரிமலைக்குப் போகவேண்டாம், தஞ்சாவூர்-கும்பகோணம் பக்கம் போதும். தரிசு காய்ந்து கிடக்கும் மே மாதத்து ஜோடியில் வயல்கள்கூட ஓரளவு தெளியும். மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் கட்டி நடவு நட்டபின் எடுத்த ஜோடியில் வயல் முழுக்கப் புள்ளிப் பொரியல். கோபுரமும் கான்கிரீட் மாடியும் மட்டும் நிற்கும். காடு மூடிய எரிமலைச் சரிவும் இப்படித்தான் கெடும்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, காற்றின் ஈரப்பதம். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஈரம் வேறுபடுவதால், மலை அசையாமலிருந்தாலும் கூம்பைச் சுற்றி அழகான வளையம் விழும். சோதனை எளிது. ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று அடுத்தடுத்த ஜோடிகள் போடுங்கள். முதலில் உப்பியது அடுத்ததில் அதே அளவு அமுங்கினால், நடுத் தேதியின் காற்றைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

இனி, தரை அசைவிலிருந்து கீழே இருப்பதைக் கணக்கிடும் மாதிரி. 1958இல் ஜப்பானிய ஆய்வாளர் மோகி கொடுத்த சூத்திரம் இன்றும் முதல் கைக்கருவி. 5 கி.மீ. ஆழத்தில் 1 கோடி கன மீட்டர் கூடினால் நேர் மேலே தரை சுமார் 9.5 செ.மீ. உயரும். 10 கி.மீ. ஆழத்தில் 4 கோடி கூடினாலும் அதே 9.5தான். உயரத்தை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்கமுடியாது, வீக்கத்தின் அகலம் பார்க்கவேண்டும். உயரம் பாதியாகும் தூரம் ஆழத்தில் சுமார் 0.77 பங்கு.

இரட்டை எரிமலையில் சிக்கல் இங்கேதான். சம பலமுள்ள இரண்டு ஊற்றுகள் ஒரே ஆழத்தில் இருந்தால், இடைவெளி அந்த ஆழத்தைவிடக் கூடினால்தான் மேலே இரண்டு திமில் தெரியும். 6 கி.மீ. இடைவெளி, 8 கி.மீ. ஆழம் என்றால் ஒரே திமில். அதைப் பார்த்து "பொது அறை" என்று எழுதிவிடுவது அவசரம்.

எனக்கு நம்பிக்கை கொடுப்பது காலவரிசைதான். ஒன்று அமுங்கும் நாட்களிலேயே மற்றது உப்புகிறதா? ஐஸ்லாந்தில் 2023 நவம்பர் 10 அன்று ஸ்வார்ட்செங்கி பகுதி அமுங்க, கிரிண்டாவிக் ஊருக்கு அடியில் சுமார் 15 கி.மீ. நீளச் சுவராக மாக்மா பாய்ந்தது. போன அளவும் வந்த அளவும் சரியாகப் பொருந்தவேண்டும் என்று எதிர்பார்க்கவேண்டாம். குமிழி நிறைந்த மாக்மா அழுத்தினால் சுருங்கும். ஒன்றின் இறுக்கம் பாறை வழியாக மற்றதைத் தள்ளினாலும், மாக்மா ஒரு சொட்டுகூட மாறாமலே இரண்டும் சேர்ந்து அசையலாம். போர் கிணற்றில் இந்தக் குழப்பம் குறைவு.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோள் நிசார், 24 செ.மீ. அலையும் வைத்திருக்கிறது. அது இலையைத் தாண்டித் தரையைத் தொடும். ஒரு வளையம் 12 செ.மீ. காடு மூடிய கூம்புகளுக்கு இதை முதலில் எடுங்கள், மொட்டைப் பாறைக்குச் சென்டினலே போதும்.