நகரசபை நூலகமும் நாம் அனுப்பும் புத்தகங்களும்

எந்தக் கல்லூரியில் படித்தவரானாலும், இன்று எந்த நாட்டில் வாழ்ந்தாலும், எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருகோணமலையில் வளர்ந்தவருக்கு நகரசபை நூலகத்தின் அங்கத்துவப் படிவம் மறந்திருக்காது. நகரசபைக்குச் சோலைவரி, அதாவது வீட்டு வரி, கட்டும் ஒருவர் பிணைக் கையொப்பம் வைத்தால்தான் அது செல்லுபடியாகும். வாடகை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக்காரரிடமோ ஆசிரியரிடமோ போய் நிற்க வேண்டும். புத்தகம் தொலைந்தால் யாரிடம் கேட்பது என்ற கவலையில் பிறந்த விதி அது. ஆனால் அதிகம் வாசிக்க வேண்டிய வீடுகளையே அது வாசலில் நிறுத்தியது.

உள்ளே நடந்தது பிரௌன் முறை எனப்படும் இரவல் முறை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு கடுதாசிப் பை, அதற்குள் சேர்விலக்கம் (நூலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு இட்ட எண்) எழுதிய சிறு அட்டை. இரவல் எடுக்கும்போது அந்த அட்டையை உருவி, அங்கத்தவரின் பெயர் எழுதிய சிறு உறைக்குள் செருகி, திருப்பித் தரவேண்டிய திகதிக்கு உரிய தட்டில் இலக்க வரிசையில் வைப்பார்கள். பதினான்கு நாள் தவணை. மின்சாரம் தேவையில்லை, கையெழுத்தும் தேவையில்லை. கோளாறு ஒன்றுதான்: அட்டை தவறான தட்டில் விழுந்துவிட்டால் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கிளறித்தான் தேட வேண்டும். ஆனால் முதற்பக்கத்துத் திகதித் தாள் நூலகருக்குப் பெரிய துணை. முத்திரைகள் நெருக்கமாக விழுந்த புத்தகத்துக்கு இரண்டாம் பிரதி வாங்குவார். ஆண்டுக்கணக்கில் முத்திரை விழாததை உள்ளறைக்கு மாற்றுவார்.

அட்டைப் பட்டியலின் லாச்சிகளை, அந்த இழுப்பறைகளைத்தான் நாம் சரியாக மதிக்கவில்லை. ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை, கீழே துளை, துளைக்குள் இரும்புக் கம்பி. ஆசிரியர், தலைப்பு, பொருள் என ஒரு நூலுக்குக் குறைந்தது மூன்று அட்டை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் தூயி (Dewey) பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற ஒரே எண்ணுக்குள் ஒடுங்க வேண்டும், கவிதைக்கு 894.8111, நாடகத்துக்கு 894.8112, புனைகதைக்கு 894.8113. ஆகவே நாவல் இறாக்கை முழுவதும் ஒரே எண்தான். அந்த எண்ணுக்குக் கீழே எழுதும் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளே புத்தகத்தின் இடத்தைத் தீர்மானிக்கும். அந்த எழுத்து பிழைத்தால் புத்தகம் இருந்தும் இல்லாததுதான்.

திருகோணமலைக்கு இதில் தனித் தொல்லை உண்டு. இவ்வூர்ப் புலவர்கள் பலர் ஊர்ப்பெயரின் ‘தி’யை முதலெழுத்தாக வைத்தவர்கள். தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அவருடைய தம்பி தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இருவரும் ‘தி. த.’ தான். தம்பி எழுதி 1895இல் வெளிவந்த மோகனாங்கி தமிழின் முதல் வரலாற்று நாவலாக மதிக்கப்படுவது. முதலெழுத்தை வைத்து அடுக்கினால் ஊரே ‘த’ எழுத்து லாச்சிக்குள் குவியும். அதனால் ‘கனகசுந்தரம்பிள்ளை, தி. த.’ என்று பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து எழுத வேண்டும். பழகிய கை இதைத் தவறவிடாது. ஆள் மாறும் இடத்தில்தான் பிழை புகுந்தது.

பிறகு கணினி வந்தது. இலங்கையில் தமிழ் தட்டச்சு என்றால் அப்போது பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில விசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வடிவம். கணினி அறிந்திருப்பதோ ஆங்கில எழுத்தை மட்டும். ‘ய’ இருப்பது ‘ஏ’ (a) விசையில், ‘அ’ இருப்பது ‘எம்’ (m) விசையில். அகரவரிசைப்படுத்தச் சொன்னால் யகரம் முன்னால் வரும், அகரம் நடுவில் கிடக்கும். கொம்பு எழுத்துகள் இன்னும் மோசம். ‘கோ’ அடிக்க ஏகாரக் கொம்பை முதலில் தட்டி, அதன்பின் ககரம், அதன்பின் அரவு (‘ா’). ஆகையால் கோணேசரும் தேவாரமும் வேதாந்தமும் கணினியில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள். தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியெண் தரும் யூனிகோடுக்கு மாற்றும் செயலிகள் உண்டு. ஆனால் ஒரே கட்டத்தில் ஆங்கிலத் தலைப்பும் சேர்ந்திருந்தால் அதையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக்கிவிடும். யூனிகோடின் இயல்பான வரிசையிலும் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் வரும். தமிழ் வரிசை விதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆகவே புதிய பட்டியலை மூல அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய லாச்சிகளைக் கழிப்பது எந்த நூலகத்திலும் பெருந்தவறு.

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பட்டினத்தில் புத்தகத்தின் ஆயுளைக் காற்றுதான் முடிவு செய்கிறது. வாடை தொடங்கினால் தாள் ஈரத்தை உறிஞ்சும், சஞ்சிகைகளின் கம்பி துருவேறும், துரு பட்ட இடத்தில் தாள் அறுந்துவிழும். புத்தகம் கட்டும் வேலைக்குக் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலம் உகந்தது; பசை உடனே காயும். ஆறு மாத இதழ்களைச் சேர்த்து, பக்கம் குறைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கம்பிகளைக் கழற்றி, நூலால் தைத்து, முதுகுக்குப் பசை பூசி, பாரம் வைத்து, மட்டையும் கலிக்கோத் துணியும் ஒட்டுவார்கள். கோதுமை மாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சிக்கு விருந்து. இறாக்கை சுவரோடு ஒட்டி நிற்கக் கூடாது. அரை அடி இடைவெளியாவது விட்டால்தான் கறையான் ஏறுவது கண்ணில் படும். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டுவது கேடு. சில ஆண்டில் செலோடேப் கழன்றுவிடும், மஞ்சள் கறை நிற்கும்.

வாசகரும் மாறிவிட்டார்கள். வேலைவாய்ப்புக்காக வெள்ளிக்கிழமை வரும் அரச வர்த்தமானியைத் தேடி வந்தவர்களுக்கு இப்போது அது தொலைபேசியிலேயே கிடைக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வேண்டியது கடந்தகால வினாத்தாள், மின்விசிறி, சத்தமில்லாத ஒரு மேசை. இதைத் தாழ்வாகப் பேசுபவர்கள் உண்டு. நெருக்கடியான வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த மேசைதான் நூலகம்.

வெளிநாட்டிலிருந்து நாம் செய்யும் உதவியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பழைய ஆங்கில நாவல்களையும் காலாவதியான கணினிப் பாடநூல்களையும் பெட்டி பெட்டியாக அனுப்புவது உதவியாகாது. சேர்வுப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் சபையின் சொத்து. ஆண்டுக் கணக்கெடுப்பில் அதைக் காட்ட வேண்டும், முறைப்படி கழிக்காமல் வீசவும் முடியாது. எவரும் தொடாத புத்தகத்துக்கும் இலக்கமும் சுட்டியும் இறாக்கையும் வேண்டும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு எழுதிய பட்டியலை முதலில் அனுப்புங்கள். நூலகர் வேண்டும் என்று குறித்தவற்றை மட்டும் பொதி செய்யுங்கள்.

நம்மிடம்தான் இருக்கக்கூடியவை வேறு: கல்லூரி ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், சங்க அறிக்கைகள், நாடக நிகழ்ச்சி நிரல்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவை அப்படியே போயின. 1983இலும் 1990இலும் திருகோணமலை வீடுகளின் அலுமாரிகளுக்கும் அதே கதி. லண்டனிலோ ரொறன்ரோவிலோ உங்கள் பெட்டிக்குள் கிடக்கும் மெல்லிய மலர் கடைசிப் பிரதியாக இருக்கலாம். துருவேறிய கம்பியைக் கழற்றி, அட்டையும் விளம்பரப் பக்கங்களும் உட்பட முழுவதையும் 300 டிபிஐ அளவில் வருடுங்கள் (ஸ்கேன் செய்யுங்கள்). அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். மின்பிரதியை 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். மூலத்தை ஊர் நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்கு அனுப்புங்கள். வாடை தொடங்குமுன், புரட்டாசிக்குள் பொதி வந்து சேர்வது நல்லது.