பலகைக்கு மானியம் உண்டு, பேட்டரிக்கு?

2023 டிசம்பர் வெள்ளத்தில் சீவலப்பேரிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரைச் சுற்றிலும் தண்ணீர்; குடிக்கத்தான் இல்லை. கரண்ட் வந்து மோட்டார் ஓடினால்தானே மேல்நிலைத் தொட்டி நிரம்பும்? சமுதாயக் கூடத்துக் கூரையில் சோலார் பலகை இருந்தும் பயனில்லை. அதன் இன்வெர்ட்டர் லைனோடு இணைந்த வகை; லைனில் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பலகையின் மின்சாரம் லைனில் பாயாமல் தடுத்து, கம்பத்தில் ஏறுபவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஊருக்குப் பொதுவாக ஒரு பேட்டரி வேண்டும் என்ற பேச்சு அப்போது எழுந்தது.

முதலில் அரசு மானியங்களைப் பார்த்தோம். மத்திய அரசின் கூரைச் சோலார் திட்டமான பி.எம். சூர்ய கரில் வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கும். குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000. இரண்டும் பலகைக்குத்தான். 2023இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பேட்டரி நிதியோ, 4,000 மெகாவாட் மணி என்று பெரிய நிலையங்களுக்கான கணக்கில் பேசியது. ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட். நாங்கள் கேட்டது 20 யூனிட்!

மிஞ்சியது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பணத்தைப் பெறும் சங்கத்துக்கு மூன்றாண்டு அனுபவம் வேண்டும், வருமான வரிப் பதிவுகள் வேண்டும். புதுச் சங்கமான எங்களுக்கு ஏது? பழைய அறக்கட்டளை ஒன்றின் வழியாக ஒரு நிறுவனத்திடம் விண்ணப்பித்தோம்.

நிறுவனத்தார் முதலில் கேட்டது கிராம சபைத் தீர்மானம். மே 1ஐத் தவறவிட்டால் ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டும். சபையில் ஒரு பாட்டி எழுந்து, “பேட்டரி செத்துப் போனால் அடுத்ததற்கு யார் பணம் தருவார் அண்ணாச்சி?” என்று கேட்டார். பின்னால் நிறுவன அதிகாரி கேட்டதும் அதே கேள்விதான். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் வசூல், தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையெழுத்து என்று அன்றே எழுதி வைத்தது பெரிதும் உதவியது. என்னைக் கேட்டால், விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் அலங்காரம்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடுவதுதான் தலைவலி. ஒருவர் கிலோவாட் என்று எழுதியிருந்தார், ஒருவர் 48 வோல்ட், 400 ஆம்பியர் மணி என்று. பெருக்கினால் 19,200 வாட் மணி, அதாவது 19.2 யூனிட். கிலோவாட் என்பது மடையின் அகலம், யூனிட் என்பது குளத்தின் கொள்ளளவு. ஒன்றைச் சொல்லி மற்றதை விற்கப் பார்க்கிறார்கள். விலை குறைவாக இருந்தது ஈய அமில பேட்டரி. அதில் சேமித்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் செலவழித்தால் ஆயுள் குறையும். எனவே லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஓடும்போது நான்கைந்து கிலோவாட் போதும். கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அதைப் பேட்டரியும் இன்வெர்ட்டரும் தாங்குமா என்று ஒவ்வொரு கடையிலும் நாங்களாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

பணம் இரண்டு தவணை. முதல் தவணையைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் இரண்டாவது வரும். கடைக்காரரோ சரக்கை இறக்குமுன் முக்கால் பங்கு கேட்டார். இடைவெளியை, அம்மன் கோயில் கொடை விழாவுக்கு ஊரில் திரட்டிய வரிப்பணத்திலிருந்து கைமாற்றாக எடுத்து நிரப்பினோம். சிலர் முகம் சுளித்தார்கள். இரண்டாம் தவணை வந்த அன்றே திருப்பிக் கட்டிவிட்டோம். வில்லுப்பாட்டுக் குழுவுக்கு முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது.