ராட்செட்டின் டிக் சத்தம்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு லேத் வேலை கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு புது பேட்ச்சிலும் ஒருத்தன் இருப்பான். நான் வாயைத் திறப்பதற்குள் "இதெல்லாம் வீடியோவிலேயே பார்த்துட்டேன் சார்" என்பான். ரொம்ப காலம் அவனைத்தான் முதலில் மெஷின் முன்னால் நிறுத்துவேன். துணிச்சல்காரன், தன்னம்பிக்கை உள்ளவன், சட்டென்று பிடித்துக்கொள்வான் என்று ஒரு நினைப்பு. பின்வரிசையில் நோட்டும் கையுமாக நிற்கும் பிள்ளை என் கண்ணில் படவே படாது.

மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் மைக்ரோமீட்டர் என்ற கருவிதான் அந்த நினைப்பைக் கெடுத்தது.

சரியாக 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டைக் கொடுத்து, அளவைச் சொல்லாமல் அளக்கச் சொன்னேன். பையன் குழாயை மூடுவது போல, கருவியின் சுழலும் பிடியான திம்பிளைப் பிடித்து முறுக்கினான். ஐந்தே விநாடி. "19.98 சார்!" அடுத்து ஒரு பெண். பொருளைக் கவ்வும் இரண்டு முகப்புகளையும் துணியால் துடைத்தாள். வெறுமனே மூடி, பூஜ்யத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் தண்டை வைத்தாள். திம்பிளைத் தொடாமல் கடைசியில் இருக்கும் ராட்செட்டை, அதாவது அழுத்தம் மிஞ்சாமல் நழுவிவிடும் சின்னக் குமிழை, டிக் டிக் என்று கேட்கும்வரை திருப்பினாள். மூன்று இடத்தில் அளந்தாள். "இன்னுமா முடியல?" என்று அவன் சிரித்தான். அவள் நிமிரவில்லை.

"20.02 வருது சார். ஆனா சும்மா மூடினாலே 0.02 காட்டுது. அதைக் கழிச்சா 20.00."

அன்று காலை அலமாரியிலிருந்து அதை எடுத்தவன் நான். பூஜ்யத்தைச் சரிபார்க்காமல் கொடுத்தவனும் நான்தான்.

"என்னோடதுதான் கரெக்ட்" என்றான் பையன். அவள் வாதாடவில்லை. மைக்ரோமீட்டரை அவனிடமே நீட்டி, "நீயே இன்னொரு தடவை பாரு. முறுக்காம இதைத் திருப்பு" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அவன் கருவியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். அளவு எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை, தோற்றுவிட்டேனா என்று கேட்டான். பாவமாகத்தான் இருந்தது.

இந்த இரண்டு பார்வைகளும் இத்தனை வருடத்தில் எனக்கு நன்றாகப் பழகிவிட்டன. ஒன்று வேலை மேல் இருக்கும், இன்னொன்று சுற்றியிருக்கும் முகங்கள் மேல். முன்னது தன்னம்பிக்கை, பின்னது திமிர். 1999-இல் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இலக்கணம், தர்க்கம் போன்றவற்றில் தேர்வு வைத்ததில், கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் சராசரியாக நூற்றுக்கு 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். தாங்கள் முந்தியதாக அவர்கள் நினைத்ததோ 62 பேரை. தப்பாகச் செய்கிறோம் என்று கண்டுபிடிக்கவும் அதே திறமைதானே வேண்டும்? அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. தர்க்கத்தில் கொஞ்சம் பயிற்சி கொடுத்ததும், அதே ஆட்கள் தங்களைச் சரியாக எடைபோட ஆரம்பித்தார்கள். பட்டறையிலும் அப்படித்தான், திட்டினால் திமிர் இன்னும் ஏறும். வேலை தெரிய ஆரம்பித்தால் தானாக வடியும்.

அதற்காக வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் தன்னம்பிக்கைக்காரர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. புரியாமல் தலையாட்டும் அமைதி ஒன்று உண்டு. நானே அதில் ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் கஷ்டமான கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்ப்பேன். "தெரியல சார், சொல்லிக் கொடுங்க" என்று கூசாமல் சொல்கிற பிள்ளையிடம் மெஷினை நம்பிக் கொடுக்கலாம்.

ஒரு மாதம் போனது. அந்தப் பையன், தான் கடைந்த துண்டைக் கொண்டுவந்தான்.

"எவ்வளவுடா?" என்றேன்.

வாய்வரை வந்ததை விழுங்கினான். "இருங்க சார்" என்று துணியைத் தேடிப் போனான்.