இந்துவா, தமிழரா?

மொரீஷியசில் வேலையில் சேர்ந்த முதல் வாரம். மதிய உணவின்போது பக்கத்து மேசைப் பெண்மணி கேட்டார்: "நீங்கள் இந்துவா, தமிழரா?"

இரண்டும்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவன் நான். சாதி கேட்டிருக்கிறார்கள், கட்சி கேட்டிருக்கிறார்கள், எந்தத் தெரு என்று கேட்டு அதிலிருந்து சாதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் கழுத்தில் வேல் பதக்கம் தொங்கியது. பெயரும் நல்ல முருகன் பெயர்தான், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கொஞ்சம் நசுங்கியிருந்தது. சரி, நம்மவர் என்று தமிழில் ஏதோ சொன்னேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

மொரீஷியசில் பேச்சு வழக்கில் இந்து என்றால் பீகார்ப் பக்கத்திலிருந்து வந்த, போஜ்புரி பேசிய முன்னோரின் வழியினர். தமிழர் தனி, தெலுங்கர் தனி, மராத்தியர் தனி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தில் வேறு கணக்கு: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், மிச்சமுள்ள எல்லோரும் 'பொது மக்கள்'. அந்தக் கணக்கில் தமிழர் இந்துக்களோடு சேர்த்தி. தேர்ந்தெடுக்கப்படும் 62 பேருக்கு மேல், பிரிவுகளுக்குள் சமநிலை வருமாறு, தோற்றவர்களில் எட்டுப் பேர் வரை நாடாளுமன்றத்துக்குள் அழைத்துக்கொள்ள இந்தப் பிரிவினை உதவுகிறது. நம் ஊர்த் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. தமிழ் ஒரு மதமாக இருக்கும் நாட்டில் தமிழ் பேச ஆள் கிடைப்பது அரிது என்பதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எபேன் என்ற இடத்தில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, கணக்கு எழுதுகிறேன். கரும்பை மட்டும் நம்பியிருந்த தீவு, 1970க்குப் பிறகு ஏற்றுமதி ஆடை தைத்தது, பிறகு கடற்கரை விடுதி கட்டியது, பிறகு பிறர் பணத்துக்கு முகவரி கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவோடு 1983இல் நடைமுறைக்கு வந்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் தயவில், சுமார் 12½ லட்சம் பேர் வாழும் இந்தத் தீவுதான் பல ஆண்டுகள் இந்தியாவுக்கு மிக அதிக அந்நிய முதலீடு அனுப்பியது. நம் பணமே கடல் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. 2016இல் ஒப்பந்தத்தைத் திருத்தி, பங்கு விற்ற லாபத்துக்கு இந்தியா வரி போடத் தொடங்கியது. அந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவன் என்பதால் இதற்குமேல் நான் பேசுவது முறையல்ல.

பழகிவிட்டது என்றுதான் வீட்டுக்குப் போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறேன். "கி மானியேர்" என்று யாராவது நலம் விசாரித்தால் "கொரெக்" என்று பதில் வருகிறது. புயல் எச்சரிக்கை இரண்டாம் எண் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, மூன்றாம் எண் என்றால் எனக்கும் அலுவலகம் இல்லை என்பது மனப்பாடம். ஆனால் கடையில் விலைச்சீட்டைப் பார்த்ததும் கை தானாக இரண்டால் பெருக்கிவிடுகிறது. இந்த ரூபாய் ஒன்று நம் ரூபாய் ஏறத்தாழ இரண்டு. அரிசி, பருப்பு, கோதுமை மாவு எல்லாம் கப்பலில் வருகிறவை. பெருக்கிப் பார்த்தபின் துவரம்பருப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்த நாள்கள் உண்டு.

காய்கறிக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் கத்ர் போர்ன் ஊரின் சனிக்கிழமைச் சந்தை. முதல் தடவை போனபோது பீர்க்கங்காயைக் கையில் எடுத்து, பிரெஞ்சில் என்ன சொல்வது என்று விழித்தேன். கடைக்காரப் பெண் உதவிக்கு வந்தார்: "பிப்பங்காய்." முருங்கைக்கீரைக் கட்டைக் காட்டினேன்: "பிரெட் மூரும்." கொத்தமல்லிக்கு அடுத்த மேசையில் ஒருவர் ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இங்கே அது 'ரசோன்'. மொழியை மறந்தவர்கள் காய்கறியின் பெயரை மட்டும் மூக்கால் பேசிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றபோது அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பை எறியாதே, ரசத்தில் போடலாம் என்றாள். பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் பை நிறையாமல் நிற்கிறேன் என்று தெரிந்தது.

அந்தக் கடைக்காரரை எல்லோரும் 'தாந்தின்' என்பார்கள், அத்தை சித்தி எல்லாவற்றுக்கும் அது பொது. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை அவர் மீதியாகக் கொடுத்த நூறு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தது. தமிழ் எண்ணும் இருந்தது. நம் ஊரில் நாள்காட்டியில்கூட மறைந்துவிட்ட எண்கள், இங்கே கருவாட்டு வாசம் பட்டு, நான்காய் மடிந்து, கைக்குக் கை போகின்றன. அந்த நோட்டில் இருப்பவரும் தமிழர், வழக்கறிஞரும் லேபர் கட்சித் தலைவர்களில் ஒருவருமான ரங்கநாதன் சீனிவாசன். நான் அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தேன். அக்கா தராசை விட்டுவிட்டார். "உங்களுக்குப் படிக்க வருமா? திரும்பப் படியுங்கள்" என்றார் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில். பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டார். காய் வாங்க வந்தவன் நோட்டு படித்துக் காட்டும் வித்தைக்காரன் ஆனேன். ஐம்பது, இருநூறு, ஐந்நூறு என்று ஆளுக்கொன்றாக நீட்டினார்கள். ஆயிரத்தைப் பார்த்ததும் என் குரல் ஏனோ உயர்ந்துவிட்டது.

பிறகுதான் 1998ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னார்கள். அதுவரை நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதன் பிறகே இந்தி. அந்த நவம்பரில் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே இறங்கியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், கட்டடம் கட்டவும் கப்பல் பழுது பார்க்கவும் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள், எங்களை எப்படிக் கீழே தள்ளலாம் என்று கேட்டார்கள். அரசு பணிந்தது. அச்சடித்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையில் புதியவை வந்தன. அக்காவும் அப்போது ஊர்வலத்தில் போயிருக்கிறார். "எது தமிழ் வரி என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கோயில் வாசலில் பார்த்த எழுத்துதானே? என் எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றார். அன்று கொசுறு கிடைக்கவில்லை.

அடுத்த அடி ஜனவரியில் விழுந்தது. அலுவலகத்தில் உணவுப் பொட்டலத்தைத் திறந்தேன், உள்ளே பொரித்த மீன். பக்கத்து மேசைப் பெண்மணி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "காவடி விரதம் தொடங்கிவிட்டது. நீங்கள் தமிழர் என்றீர்களே" என்றார். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. பத்து நாள் மீன், இறைச்சி, மது எதுவும் வீட்டுக்குள் வராது. நான் எங்கள் ஊரில் காவடி எடுத்ததே இல்லை, விரதமும் இருந்ததில்லை. எங்களுக்கு அது வேறு யாரோ எடுப்பது. தை மாத விடியற்காலையில் பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குத் தெருமுனையில் அப்பா சுக்குக் காப்பி ஊற்றுவார், நான் தம்ளர் கழுவுவேன். அவர்கள் காலில் சுற்றிய துணியில் ரத்தம் கசிந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் போர்வையை இழுத்துத் தூங்கிவிடுவேன். இதை அவரிடம் சொல்லவில்லை. மீனை மூடிவிட்டுத் தயிர் வாங்கப் போனேன்.

காவடியன்று கோர் து கார்து மலைக் கோயிலுக்கு அவர்தான் அழைத்துப் போனார். தென்கோளக் கோடை, தார்ச்சாலை கொதித்தது. கன்னத்திலும் முதுகிலும் வேல் குத்தி, தலைக்கு மேல் பூக்காவடியோடு, அலுவலகத்தில் எனக்கு வட்டிக் கணக்குச் சரிபார்க்கும் பையன் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கியில் வந்த தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்துப் பெண்கள் பாடினார்கள். ழகரம் எங்கும் இல்லை. மனத்துக்குள் திருத்திக்கொண்டே வந்தவன், மூன்றாவது அடியில் அடுத்த வரி தெரியாமல் நின்றுவிட்டேன். அவர்கள் பாடிக்கொண்டே மலை ஏறினார்கள்.

சந்தையில் இப்போதெல்லாம் ஓய்வூதியப் பேச்சுதான். பிரிட்டன் வசமிருந்த சாகோஸ் தீவுகளை மொரீஷியசுக்குத் திரும்பக் கொடுப்பது பற்றி 2025 மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பத்திரிகைகள் கொண்டாடின. இரண்டே வாரத்தில் பட்ஜெட் வந்தது, 60 வயதானால் எல்லோருக்கும் கிடைத்த முதியோர் பணம் படிப்படியாக 65க்குத் தள்ளிப்போகும் என்றார்கள். தெருவில் ஊர்வலம். அதற்கு ஏழு மாதம் முன்புதான், தேர்தலில், ஆட்சிக்கு வந்த இந்த அணிக்குத் தீவின் 60 இடங்களையும் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு வயது 58. அவர் அரசைத் திட்டிய சொற்களில் எனக்குப் புரிந்தவை பாதி, அந்தப் பாதியையும் எழுத முடியாது.

திட்டி முடித்துவிட்டு, கல்லாப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்றப் பதிவுகளிலிருந்து அவர் மகன் எடுத்து வந்த நகல். பாட்டியின் பாட்டனுடைய எண், பெயர், கப்பல், ஊர். "நீங்கள்தான் படிப்பவராயிற்றே. எங்கள் ஊர் எது, சொல்லுங்கள்."

தாள் முழுதும் ஆங்கிலக் கையெழுத்து. மாவட்டத்தின் மேல் மை பரவியிருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் ஒருவாறு தெரிந்தது: பூண்டி. எனக்குத் தெரிந்தே நாலைந்து பூண்டிகள் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒன்று, திருவள்ளூரில் ஏரியோடு ஒன்று. அதுவும் முழுப் பெயரோ, ஏதாவது ஊரின் வால் மட்டுமோ? எழுதிய வெள்ளைக்கார குமாஸ்தாவின் காதில் எது விழுந்ததோ.

தேடிச் சொல்கிறேன் என்றேன். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார், கிடைத்ததா என்று. இன்னும் இல்லை என்கிறேன். பரவாயில்லை என்று ஒரு கட்டு மூரும் கூடுதலாகப் பையில் போடுகிறார்.