சோற்றுக்கு எத்தனை நிமிடம் முன்பு?

ஏப்ரல் 14, 2025, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, வடை, சாம்பார், கடைசியில் ஜவ்வரிசிப் பாயசம் என்று அத்தை விடியும்போதே அடுக்களையில் இறங்கிவிட்டார். நான் கணக்கு எழுதுவது ஒரு சேகோ ஆலையில் என்பதால் எங்கள் வீட்டில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமே கிடையாது. உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவோடு வாழும் என்னைப் போன்றவருக்கு இதைப் போலச் சோதனை வைக்கும் பண்டம் குறைவு. மரவள்ளிக்கிழங்கின் மாவைத் தவிர அதில் ஏதும் இல்லை. காய்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்துதான், நாரும் புரதமும் பெயரளவுக்கே இருக்கின்றன.

என் நோயைப் பற்றி விசாரிக்கும் எல்லாரும் எத்தனை யூனிட் இன்சுலின் போடுகிறாய் என்று கேட்கிறார்கள். எப்போது போடுகிறாய் என்று கேட்பவர் அரிது. அளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம், நேரத்தைத்தான் ஒவ்வொரு வேளையும் புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் சாப்பாட்டுக்குப் போடும் உடனடி இன்சுலின், தோலுக்கடியிலிருந்து இரத்தத்தில் கலந்து வேலையைத் தொடங்கவே 10 முதல் 15 நிமிடம் எடுத்துக்கொள்கிறது; ஒரு மணி நேரத்தை ஒட்டி அதன் வேகம் உச்சத்துக்கு வருகிறது; நான்கு மணி நேரம் வரை அதன் மிச்சம் உடம்பில் இருக்கிறது. பாயசமோ இதற்கெல்லாம் காத்திராது. அதனால் இன்று இலை போடுவதற்கு 20 நிமிடம் முன்பே ஊசி போட்டுக்கொண்டு, கூட்டும் பொரியலும் பருப்பும் முதலில், சோறு அடுத்து, பாயசம் கடைசியில் சிறு கிண்ணத்தில் என்று வரிசை வைத்துச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 168 இருந்தது.

வெல்லம் போட்டதால்தான் ஏறவில்லை என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். வெல்லமும் வெள்ளைச் சர்க்கரையும் இன்சுலினுக்கு ஒன்றே என்பதை நல்ல நாளில் சொல்ல மனம் வரவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அதே நான்கு இட்லிக்குக் காலையில் கூடுதல் இன்சுலின் தேவைப்படுகிறது, இரவில் குறைவாகப் போதுமானதாக இருக்கிறது. விடியற்காலையில் உடம்பு கார்ட்டிசாலையும் வளர்ச்சி ஹார்மோனையும் சுரந்து, ஈரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுவதுதான் காரணம். இன்று எழுந்தபோதே 190 காட்டியதால், ஊசி போட்டு 25 நிமிடம் விட்டுத்தான் தட்டின் முன் உட்கார்ந்தேன். சர்க்கரை உயர்ந்திருந்தால் காத்திருப்பு நீளும். 80க்குப் பக்கத்தில் இருந்தால் காத்திருப்பே கூடாது. 70க்குக் கீழே என்றால் முதலில் குளுக்கோஸ், பிறகுதான் ஊசியைப் பற்றிய பேச்சு.

ஏப்ரல் 27, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. போன மாதம் வயிற்று வலி, வாந்தி, ஓயாத தாகம் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனதில் முதல் வகை என்று தெரிந்திருக்கிறது. இன்று அவன் பாட்டியும் அம்மாவும் குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் பையனப் பட்டினியா உக்கார வைக்கணுமா கண்ணு? பசிக்குதுன்னு அழுவுறானே" என்று பாட்டி கேட்டார்.

அவனுக்குக் கொடுத்திருப்பது ரெகுலர் இன்சுலின். அது வேலையைத் தொடங்க ஏறத்தாழ அரை மணி ஆகும். உச்சம் 2 முதல் 4 மணி நேரத்தில். முழுதாகத் தீர 6 முதல் 8 மணி நேரம். நான் போடும் வகையைப் பார்த்து, "அந்தக்கா உடனே சாப்பிடுறாங்களே" என்று பையன் வாதாடுகிறானாம். இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்று அவனுக்கு விளக்கினேன். ஊசியைப் போட்டவுடன் சோற்றைக் கொடுத்தால், சோறு ஏறும் நேரத்தில் மருந்து தூங்கிக்கொண்டிருக்கும். சோறு செரித்து முடிந்த பிறகு மருந்து விழித்துக்கொண்டு இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடும். காலை எட்டு மணிக்குப் போட்டது பதினொரு மணிக்கு உச்சத்தில் இருக்கும் என்பதால்தான் அந்த நேரத்தில் சிறு தீனி ஒன்று கட்டாயம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். "வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாம்" என்ற வகையைச் சேர்ந்ததல்ல அது என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன்.

பிறகு சிரிஞ்சை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மூடி, சரியானதுதான். நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா வடிவ ஊசிக் கருவியில் பொருத்தும் மருந்துக் குழலான கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கு உரியது ஆரஞ்சு. குப்பி கிடைக்கவில்லை என்று யாராவது கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்துப் போட்டால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பாட்டி இதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் வண்ணத்தை அவர் மறக்க மாட்டார்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. பிரிக்காத இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான். பயன்பாட்டில் இருக்கும் என் பேனாக்களை 30 டிகிரிக்கு மிகாமல் 28 நாள் வரை வெளியே வைத்திருக்கலாம். ஆனால் சேலத்தில் மே மாதத்தில் அறையின் உள்ளேயே 30 டிகிரியை எங்கே தேடுவது? ஆலையில் என் மேசைக்கடியில் ஒரு மண்பானை, அதில் ஈர மணல், மணலின் மேல் மூடிய சில்வர் டப்பாவுக்குள் பேனா. மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வெயில் மருந்தைக் கெடுப்பது ஒரு புறம் இருக்க, உடம்பில் மருந்து கலக்கும் வேகத்தையும் கூட்டுகிறது. சூடேறிய தோலில் இரத்த ஓட்டம் மிகுவதால் 15 நிமிடத்தில் தொடங்க வேண்டியது முன்னதாகவே தொடங்கிவிடும். வெயிலில் நடந்து வந்த கையோடு ஊசி போடாமல், முகம் கழுவி, மின்விசிறியடியில் சற்று உட்கார்ந்த பிறகு போடுவதை இந்த மாதம் முழுவதும் கடைப்பிடிக்கிறேன். வயிற்றில் போட்டால் வேகம், தொடையில் போட்டால் நிதானம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வலிக்காத இடமாயிற்றே என்று ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கொழுப்புத் தடித்து, மருந்து எப்போது வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

மே 11, ஞாயிறு

கொழுந்தனாரின் மைத்துனிக்குத் திருமணம், அம்மாபேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில். இன்சுலின் போடுபவருக்குக் கல்யாணப் பந்தியைப் போல நம்ப முடியாதது வேறில்லை. "இதோ அடுத்த பந்தி நமக்குத்தான்" என்று சித்தப்பா சொல்லும் சொல்லை நம்பி வீட்டுப் பழக்கத்தில் 15 நிமிடம் முன்பே போட்டுக்கொண்டால், மாப்பிள்ளை வீட்டார் ஐம்பது பேர் திடீரென்று வந்து அமர்ந்துவிடுவார்கள். நாம் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அடுத்தவர் ரசத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே வியர்க்க வேண்டியிருக்கும்.

எனவே மண்டபத்தில் என் விதி வேறு. இடம் பிடித்து உட்கார்ந்து, இலை விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பும் இனிப்பும் இலையில் விழுந்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். முதலில் இரண்டு யூனிட்டைத் திருகி ஊசிமுனையில் ஒரு துளி எட்டிப் பார்க்கிறதா என்று சோதித்து, பிறகு சேலை மடிப்பை விலக்கி வயிற்றில் போட்டு, பத்து எண்ணும் வரை ஊசியை எடுக்காமல் வைத்திருப்பேன். எதிர் வரிசையில் இருப்பவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். முழு அளவையும் அப்போதே போடுவதில்லை. நிச்சயமாகச் சாப்பிடப்போகும் சோற்றுக்கு உரியதை மட்டும் போட்டு, இரண்டாம் சோறும் பாயசமும் உள்ளே போன பிறகு மீதியைப் போட்டுக்கொள்வேன். 20 நிமிடம் முன்பு போட்டிருந்தால் இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மண்டபத்தில் 220 ஏறுவது 50க்கு இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

நேற்றிரவு வரவேற்பில் புரோட்டாவும் எண்ணெய் மிதக்கும் குருமாவும் பரிமாறினார்கள். கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் 140 என்று நல்ல பிள்ளையாக இருந்த சர்க்கரை, நள்ளிரவு தாண்டி 260க்குப் போயிற்று. இத்தகைய சாப்பாட்டுக்கு ஊசியை இரண்டாகப் பிரித்துப் போடும்படி என் மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஏறுகிறதே என்று மணிக்கொரு முறை போடக் கூடாது. முன்பு போட்டதன் மிச்சம் உள்ளே இருக்கும்போதே மேலே மேலே போட்டால், விடியற்காலையில் எல்லாம் சேர்ந்து இழுத்துவிடும்.

மே 18, ஞாயிறு

ஏற்காடு. அடிவாரத்தில் டிபன் சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு நான் ஒப்பவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வயிறு புரட்டும். ஊசியைப் போட்டு, சாப்பிட்டு, பதினான்காவது வளைவில் அத்தனையும் வெளியே வந்துவிட்டால் உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. மேலே போய், காற்று முகத்தில் பட்டு, குமட்டல் அடங்கிய பிறகுதான் ஊசியும் இட்லியும்.

சாப்பிட்டவுடன் ஏரியைச் சுற்றியும் பகோடா பாயிண்ட் பக்கமும் நடக்கப்போகிறோம் என்று தெரிந்ததால், காலை அளவைக் குறைத்துத்தான் போட்டேன். நடக்கும் தசை இன்சுலினுக்கு அதிகம் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்படியும் மேட்டில் ஏறும்போது கைவிரல் நடுங்கியது, மீட்டரில் 64. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, காப்பித் தோட்டத்து வேலி ஓரமாக 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பார்த்தபோது 92. பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி மணத்தது. பஜ்ஜி அப்போது உதவாது. எண்ணெயில் பொரித்தது மெதுவாகத்தான் ஏறும். குளுக்கோஸ் வேலை செய்த பிறகு பஜ்ஜியும் சாப்பிட்டேன் என்பது வேறு.

நடையின் தாக்கம் அன்றோடு தீராது, 24 மணி நேரம் வரை நீளலாம் என்பதால் படுக்கும் முன் மறுபடி பார்த்தேன், 118. இரவு இன்சுலினை நிறுத்தவில்லை. அது சாப்பாட்டுக்கானதல்ல, சாப்பிடாமல் படுத்தாலும் அது வேண்டும்.

மே 30, வெள்ளி

திங்களன்று பள்ளி திறக்கிறது. பையனின் வகுப்பு ஆசிரியருக்குக் கடிதம் எழுதித் தரும்படி அவன் அம்மா கேட்டார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். காலை இடைவேளையில் அவன் தன் டப்பாவில் உள்ளதைச் சாப்பிட்டானா என்று ஒருவர் பார்க்க வேண்டும். இடைவேளை தள்ளிப்போனால் வகுப்பு நடக்கும்போதே சாப்பிட அனுமதிக்க வேண்டும். விளையாட்டுப் பாடவேளை மதிய உணவுக்கு முன்பு வரும் நாட்களை முன்கூட்டியே வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் வியர்த்தாலோ, உளறினாலோ, காரணமின்றிக் கோபப்பட்டாலோ தண்டிக்காமல் முதலில் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும், தனியாக எங்கும் அனுப்பக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108க்கு அழைக்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று அவன் பையிலும், ஒன்று ஆசிரியர் மேசையிலும் இருக்கும்.

மதிய உணவு மணி 12.40க்கா, ஒரு மணிக்கா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளக் கடிதத்தின் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறோம்.