ஸ்டாக்ஹோமில் கரையோரமாக ஒரு நாள் நடை

புதிய ஊருக்குப் போனால் ஒரு நாளாவது முழுக்க நடந்தே பார்ப்பது என் வழக்கம். ஸ்டாக்ஹோமில் இந்த முறை ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொண்டேன்: சுரங்க ரயில், பேருந்து எதுவும் கிடையாது, முடிந்தவரை தண்ணீர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 14 தீவுகளின் மேல் பரவியிருக்கும் நகரம் என்பதால் இது அவ்வளவு கஷ்டமில்லை. ஜூன் மாதம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் அவசரமும் இல்லை.

காலையில் நகர மண்டபத்திலிருந்து ஆரம்பித்தேன். 1923இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ 80 லட்சம் செங்கல் பிடித்த கட்டடம், டிசம்பர் 10 அன்று நோபல் விருந்து நடப்பது இங்கேதான். உள்ளே போக வழிகாட்டியோடு சேர்ந்துதான் போக வேண்டும், நான் போகவில்லை. ஏரியைப் பார்த்தபடி இருக்கும் தோட்டப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ரிட்டர்ஹோல்மன் தீவுக்கு நடந்தேன். அங்கே தேவாலயத்தின் கோபுர முனை கருத்த இரும்புச் சட்டகமாக நிற்கும், 1835இல் இடி விழுந்து பழைய முனை எரிந்துபோனதற்கு அப்புறம் வைத்தது. ஸ்வீடன் அரசர்கள் பலரின் கல்லறை இதற்குள்தான்.

இந்த நடையில் எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம் இங்கிருந்து தொடங்குகிறது. ரிட்டர்ஹோல்மன் கரையில் நிற்கும்போது எதிரே இருப்பது மேலாரன் ஏரி, நன்னீர். பழைய நகரத்தைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போனால் பால்டிக் கடல். நடுவில் பத்து நிமிட நடைதான்! ஏரி மட்டம் கடலைவிடச் சுமார் 70 சென்டிமீட்டர் உயரம் என்பதால், அரண்மனைக்கும் நாடாளுமன்றத்துக்கும் வடக்கே உள்ள நீரோட்டத்தில் தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடுவதைப் பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாம். நகரத்தின் நட்டநடுவில், அரண்மனைக்கு எதிரிலேயே, ஆட்கள் தூண்டில் போட்டு நிற்கிறார்கள், சால்மன் கிடைக்கும். மேலாரன் ஒரு காலத்தில் கடலின் உள்வளைகுடாவாக இருந்தது. பனியுகத்தில் பனிப்பாளத்தின் எடையில் அமுங்கிக் கிடந்த நிலம், பனி உருகியபின் மெல்ல மெல்ல மேலெழ, வாய் குறுகி ஏரியாகிவிட்டது. கடலிலிருந்து வந்த படகுகள் இந்த இடத்தில் சரக்கை இறக்கியாக வேண்டும் என்றால், அங்கே ஊர் முளைக்காமல் எப்படி இருக்கும்? 1252ஆம் ஆண்டுக் கடிதங்களில்தான் இந்த ஊரின் பெயர் முதலில் வருகிறது. இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன், ஆனால் இரண்டு கரையையும் காலால் தொட்ட பிறகுதான் உறைத்தது.

பழைய நகரத்தில் வெஸ்டர்லோங்கட்டன் தெருவில் கூட்டம் நெரியும், காந்தமும் கோப்பையும் விற்கும் கடைகள்தான். அதற்கு இணையாக ஓடும் பிரெஸ்ட்கட்டனில் நடங்கள், பாதி நேரம் தெருவே உங்களுடையது. ஒரு முனையில் வீட்டுச் சுவரோடு சுவராக வைத்துக் கட்டிய ரூன் எழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, வைக்கிங் காலத்துக் கல், யாரோ கட்டடக் கல்லாகவே பயன்படுத்திவிட்டார்கள். தெருவின் தென்கோடிப் பக்கம் மோர்டன் ட்ரோட்சிக் சந்து, மிகக் குறுகிய இடத்தில் 90 சென்டிமீட்டர், எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அப்புறம் ஸ்டோர்டோரியெட் சதுக்கம். வண்ண வீடுகளைப் படம் எடுக்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், ஆனால் 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியன் 80க்கும் மேற்பட்டவர்களை இங்கே வெட்டிக் கொன்றார். கொல்லப்பட்ட ஒருவரின் மகன் குஸ்தாவ் வாசா கிளர்ந்தெழுந்து 1523இல் அரசரானார். இது தெரிந்தபின் அந்தச் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துச் சந்தில் ஏலக்காய் பன் வாங்கிக்கொண்டேன். மாவிலேயே ஏலக்காய் மணக்கும், விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பகுதி முழுக்க கல் பாவிய மேடு பள்ளம். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டவே வேண்டாம்.

அரண்மனையைத் தாண்டி, ஸ்டிராண்ட்வேகன் கரைச்சாலை வழியாக யூர்கோர்டன் தீவுக்கு நடை. வழியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நிழலும் படகுகளும்தான். முடிவில் வாசா அருங்காட்சியகம், இந்த நாளில் நான் காசு கொடுத்து உள்ளே போன ஒரே இடம். உள்ளே நிற்பது வாசா என்ற கப்பல். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பிய இந்த 64 பீரங்கிப் போர்க்கப்பல், சுமார் 1,300 மீட்டர்கூடத் தாண்டாமல் காற்றில் சாய்ந்து மூழ்கியது. அகலம் போதாது, மேல்பாரம் அதிகம். கிளம்புவதற்கு முன் 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டு நிலைப்பைச் சோதித்தார்கள். கப்பல் பயங்கரமாக ஆடவே சோதனையை நிறுத்திவிட்டார்கள், பயணத்தை நிறுத்தவில்லை! 1961இல் மேலே தூக்கினார்கள். இன்று கண்முன் நிற்பதில் 98 சதவீதம் அசல் மரம். 333 ஆண்டு தண்ணீருக்குள் கிடந்த மரம் எப்படி மிஞ்சியது என்றால், ஆறுகளும் மேலாரன் போன்ற ஏரிகளும் கொட்டும் நன்னீரால் பால்டிக்கில் உப்பு குறைவு, மரத்தை அரிக்கும் கப்பல் புழு அதில் வாழாது. காலையில் பாலத்துக்கு அடியில் ஓடிய தண்ணீருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று நினைத்தபோது சிலிர்த்தது.

அங்கிருந்து சோடர்மால்ம் தீவின் கரையில் உள்ள ஸ்லுசனுக்குப் படகு பிடித்தேன். பேருந்து இல்லை என்பதுதான் நிபந்தனை, தண்ணீரில் போகக் கூடாது என்று இல்லை. சோடர்மால்ம் மேட்டில் ஏறி மொண்டேலியுஸ்வேகன் நடைபாதை, அரை கிலோமீட்டர் போல வரும். காலையில் கிளம்பிய நகர மண்டபம், ரிட்டர்ஹோல்மன் இரும்பு முனை எல்லாம் எதிர்க்கரையில் வரிசையாகத் தெரியும். மாலை ஏழுக்கு மேல் போவது நல்லது, வெயில் பக்கவாட்டில் விழும்.

எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கும், புட்டி மட்டும் கையில் இருந்தால் போதும். பல கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டை அவசியம். குழந்தைகளோடு போகிறவர்கள் பழைய நகரத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு வாசாவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த முறை சோடர்மால்மின் மேற்குக் கரை, அப்படியே பழைய சிறை இருந்த லோங்ஹோல்மன் தீவு வரை நடப்பதாகத் திட்டம்.